பேன் இருந்தா பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பக் கூடாதா?

கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறை. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். வெயில் ஏறினால் ரப்பர் பால் வரத்து குறைந்துவிடும் என்பதால், பால் வெட்டப் போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். அம்மா வேலைக்குப் போன வீட்டில் பிள்ளைக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவது பாட்டியோ அக்காவோதான். அந்த அவசரத்தில் பேன் பார்க்க ஏது நேரம்?

குடற்புழுவுக்கு ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள், இப்போது பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என ஆண்டுக்கு இரண்டு முறை. 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. 2 வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழே அதில் பாதி. யாருக்குப் புழு இருக்கிறது என்று தேடுவதே இல்லை. எல்லோருக்கும் கொடுப்பதால் யாருக்கும் அவமானம் இல்லை.

பேன் விஷயம் அப்படியில்லை. கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளை மட்டும் தனி பெஞ்ச். சில சமயம் வீட்டுக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. இந்தப் பழக்கம் பழசு. பிரிட்டனில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மணி நேரத்துக்குள் பிள்ளையின் தலையைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பெற்றோருக்கு நோட்டீஸ் கொடுக்கவே வழி செய்தது. இன்று மருத்துவம் சொல்வது வேறு. பேனுக்காக ஒரு பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தத் தேவையில்லை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம். 2022 அறிக்கையிலும் அதையே சொன்னது.

காரணம் எளிது. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை உரசினால்தான் பெரும்பாலும் பரவும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். தலைப்பேன் வேறு நோயைப் பரப்புவதும் இல்லை. அழுக்குத் தலையில்தான் வரும் என்பதும் பொய். தினமும் குளிக்கிற பிள்ளைக்கும் வரும்.

அப்புறம் ஏன் போகவே மாட்டேங்குது? ஈறுதான் வில்லன். ஒரு பெண் பேன் நாளைக்கு 8 ஈறு வரை இடும். அவை பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் பேனைக் கொல்லும், ஈறை முழுசாக அழிக்காது. அதனால்தான் 9-ஆம் நாள் மறுபடி போட வேண்டும். பொரிந்து வந்த குஞ்சுகள் முட்டையிடும் முன்பே பிடித்துவிடலாம். கூடப் படுக்கிற அக்கா, தங்கை, பாட்டி தலைகளையும் அன்றைக்கே பார்க்கணும். ஒரு தலை விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்துதான். லோஷன் வேண்டாம் என்றால், ஈரத் தலையில் பேன் சீப்பு போட்டு, சில நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாரம் விடாமல் சீவலாம். மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் தலைப் பக்கமே வரக் கூடாது. அடுப்பு இருக்கிற வீட்டில் மண்ணெண்ணெய்த் தலை எவ்வளவு ஆபத்து என்று சொல்லணுமா?

லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை முதல் முறை போட்டால், 9 நாள் கழித்து வருவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் விடிவதற்குள் பால் வெட்டக் கிளம்பணும்.