தோல் சோறு போடுற ஊரில் பறைக்கு மட்டும் தீட்டா?

நான் ஆம்பூர் பக்கத்து இல்லத்தரசி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிவதே தோலால்தான். என் வீட்டுக்காரருக்கும் ஷூ கம்பெனியில்தான் வேலை.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பறையாட்டம் கற்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், உறவில் ஒரே களேபரம்! "பொம்பளப் புள்ள சாவு மேளம் அடிக்கறதா? நாளைக்கு இவள யாரு கட்டுவான்?" என்று குதித்தார் நாத்தனார். "ஏன் அண்ணி, மாட்டுத்தோல்ல ஷூ தைச்சா சம்பளம், அதே தோல்ல மேளம் கட்டினா தீட்டா?" என்றேன். பதில் இல்லை.

மகள் கற்றுக்கொள்வதைப் போய்ப் பார்த்தேன். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி, தோலை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினால், ஈரம் போய்த் தோல் விறைக்கிறது. சத்தம் கணீரென்று வருகிறது. இடது கையில் நீளமான, மெல்லிய சுண்டுக்குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. அடிக்கிறவரே அடவு தப்பாமல் ஆடவும் வேண்டும். அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

இது சாவுக்கு மட்டும் உரியதல்ல. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்கிறது தொல்காப்பியம். திண்டுக்கல்லில் 1990ல் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், தலித் பெண்களே பறை அடித்து மேடையேறினார்கள். 2025ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

போலந்து நாட்டில் பொலோனேஸ் என்று ஒரு நடனம். கிராமத்து ஆட்டமாகப் பிறந்து, பிரபுக்கள் மாளிகை வரை போனது. அங்கே பள்ளி இறுதித் தேர்வுக்குச் சுமார் 100 நாள் முன்பு, மாணவ, மாணவியர் விருந்து வைத்து, ஜோடி ஜோடியாக அதை ஆடுகிறார்கள். 2023ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் அது சேர்ந்தது. அந்த ஊர் அம்மாக்கள் பெருமையாகப் பார்க்கிறார்கள். நம் பிள்ளை மட்டும் ஏன் ஒளிந்து ஆட வேண்டும்?

பறை அடித்தவர்களைக் காலங்காலமாகத் தெருக்கோடியில் நிறுத்தியது ஊர். அந்த இழிவு மேளத்தில் இல்லை. நிறுத்தியவர்கள் மனசில்தான் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் பெண் பறை கற்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அதோடு, ஊர்த் திருவிழாவுக்கு அடிக்க வருகிறவர்களுக்குப் பேசின கூலியை முழுசாகக் கொடுத்து, எல்லாரோடும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

- ஒரு வாசகி, ஆம்பூர்.