உடம்பின் ஞாபகமும் அதை அழிக்கும் அம்மையும்

வட அட்லாண்டிக் கடலில், நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கிடக்கின்றன ஃபாரோ தீவுகள். 1846 மார்ச் கடைசியில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலேறி அங்கே வந்து இறங்கினார். கிளம்புவதற்குச் சற்று முன்பு தட்டம்மை கண்டவர்களை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்த சில நாளில் அவருக்கும் அம்மை போட்டது. அடுத்த சில மாதங்களில், தீவுகளில் இருந்த சுமார் 7,800 பேரில் 6,000க்கும் அதிகமானவர்கள் படுக்கையில் விழுந்தார்கள்.

அரசாங்கம் இரண்டு இளம் டாக்டர்களை அனுப்பியது. அதில் ஒருவர் பீட்டர் பானூம்; வயது 25. கிராமம் கிராமமாகப் போய், யார் யாரைச் சந்தித்தார்கள், எந்தத் தேதியில் உடம்பில் தடிப்பு தெரிந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார். தொற்று சேர்ந்ததற்கும் தடிப்பு தெரிவதற்கும் இடையில் 13, 14 நாள் என்ற கணக்கு அந்தக் குறிப்பிலிருந்துதான் பிடிபட்டது. அதைவிட வியப்பான ஒன்றும் கண்ணில் பட்டது. வீடே படுத்துக் கிடக்க, சில கிழவர்களும் கிழவிகளும் மட்டும் ஒன்றும் ஆகாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு முன் அந்தத் தீவுகளுக்குத் தட்டம்மை வந்தது 1781இல். நடுவில் 65 வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அந்த அம்மை கண்டு பிழைத்த 98 பேரை பானூம் நேரில் பார்த்தார். ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. வயதானால் அம்மை அண்டாது என்று எழுதி வேலையை முடித்திருக்கலாம். அந்த இளைஞர் அங்கே நிற்கவில்லை. 1781இல் தப்பித்துவிட்ட முதியவர்கள் என்ன ஆனார்கள் என்றும் விசாரித்தார். தொற்று போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே வந்திருந்தது. ஆகக் காப்பாற்றியது வயதல்ல, 65 வருஷத்துக்கு முந்தைய ஒரு காய்ச்சல்.

அந்தக் காய்ச்சலை உடம்பு எங்கே எழுதி வைத்திருந்தது? பானூமுக்குத் தெரிய வழியில்லை. வைரஸ் என்ற ஒன்றே அன்று யாருக்கும் தெரியாது.

பள்ளிப் பாடத்தில் நோய் எதிர்ப்பு என்றாலே கோட்டை, காவல், படைவீரர்கள். பாதி வழி வரைக்கும் அந்த உவமை சரிதான். தோல் ஒரு தடுப்பு. மூக்குச் சளியும் வயிற்று அமிலமும் அடுத்த தடுப்பு. அதையும் தாண்டி நுழைந்தால், கிருமியை அப்படியே விழுங்கும் செல்கள் வந்து சேரும். சிசிலித் தீவின் மெசினா நகரில் 1882இல் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்தி, அதைச் சுற்றிச் செல்கள் மொய்ப்பதை உயிரியலாளர் மெச்னிகாஃப் பார்த்தது இந்த வகையைத்தான். வைரஸ் புகுந்த செல் தன் பங்குக்கு இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டுப் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். எல்லாம் சில மணி நேர வேலை. ஆனால் வந்தது தட்டம்மையா, ஃப்ளூவா என்று இந்த முதல் அடுக்கு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை.

பார்ப்பவை நிணநீர் முடிச்சுகளில் காத்திருக்கின்றன. தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். கிருமியின் துணுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சில செல்கள் அங்கே வரும். அங்கிருக்கும் பி செல்களும் டி செல்களும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும். துணுக்கோடு பொருந்துகிற செல் மட்டும் விழித்துக்கொண்டு இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருகும். நெறி வீங்குவது அந்தப் பெருக்கத்தால்.

படை உவமை இங்கேதான் உடைகிறது. எந்த ராணுவமும் எதிரி யாரென்றே தெரியாமல் கோடிக்கணக்கான விதத்தில் ஆயுதம் செய்து அடுக்கி வைப்பதில்லை, உடம்பு வைக்கிறது. மனிதனுக்கு இருப்பதோ சுமார் 20,000 ஜீன்கள். இத்தனை வடிவம் எப்படி என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுசுமு டொனெகவா 1976இல் முடிச்சை அவிழ்த்தார். பி செல் உருவாகும்போது தன் டி.என்.ஏ.விலேயே சில துண்டுகளை வெட்டி, புதுப்புது வரிசையில் ஒட்டிக்கொள்கிறது. பிறந்தது முதல் மாறாதது என்று நம்பப்பட்ட டி.என்.ஏ.வையே செல் திருத்தி எழுதுகிறது! 1987இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே போனது.

பொருந்தும் செல்லைத் தேடி, பெருக்கி, ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தைப் போதிய அளவு சுரக்க ஒரு வாரமாவது ஆகும். காய்ச்சலில் புரளுகிற வாரம் அது. தட்டம்மையில் தோலெல்லாம் சிவப்பாகத் தடிப்பதற்குக் காரணமும் டி செல்களே: தோலில் வைரஸ் தொற்றிய செல்களை அவை தாக்குவதன் அடையாளம் அது. டி செல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தட்டம்மை வந்தாலும் தடிப்பு தெரியாமல் போகலாம், நோயோ கடுமையாக இருக்கும்.

நோய் தணிந்ததும் பெருகிய செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். கொஞ்சம் மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். வேறு சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி, வருஷக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். ஃபாரோ கிழவர்களின் ரகசியம் இதுதான். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, 1915இலோ அதற்கு முன்போ பிறந்த 32 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. 1918 ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி, 90 வருஷம் கழித்தும் அதில் இருந்தது.

சரி, தட்டம்மை தனக்கு எதிரான நினைவை இவ்வளவு உறுதியாக விட்டுச் செல்கிறதே, மற்ற நினைவுகளை என்ன செய்கிறது? அங்கேதான் விவகாரம். இந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று நினைவுச் செல்களின் மேலேயே இருக்கிறது. உள்ளே புகுந்து அவற்றையே கொல்கிறது. தட்டம்மை வந்த குழந்தைகளுக்குக் காசநோய்க்கான தோல் பரிசோதனை திடீரென்று பலிக்காமல் போவதை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1908லேயே பதிவு செய்தார். காரணம் துலங்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

2013இல் நெதர்லாந்தில், மத நம்பிக்கையால் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத சமூகங்களில் தட்டம்மை பரவியது. அங்கே 77 குழந்தைகளின் ரத்தம் நோய்க்கு முன்பும் பின்பும் எடுக்கப்பட்டது. 2019இல் முடிவு வந்தது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. ஏற்கெனவே வென்ற கிருமிகளைக் குழந்தை முதலிலிருந்து மறுபடி சந்திக்க வேண்டும். தட்டம்மையை ‘சும்மா வந்து போகிற அம்மை’ என்று ஒதுக்குவது எவ்வளவு தப்பு என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும். தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. ஊசியில் இருப்பது வலுவிழந்த வைரஸ், நினைவைத் தந்துவிட்டு அடங்கிவிடுகிறது.

இந்தியாவில் அந்த ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகுதான். ஏன் பிறந்த கையோடு போடுவதில்லை என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. கர்ப்பத்தில் தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. முதல் சில மாதம் குழந்தையைக் காப்பது அதுதான். ஆனால் அதே ஆன்டிபாடி ஊசியிலுள்ள வைரஸையும் செயலிழக்கச் செய்துவிடும். குழந்தையின் சொந்தச் செல்கள் அதைப் பார்க்கவே வாய்ப்புக் கிடைக்காது. தாய் தந்தது கரைந்து முடியும் நேரம் பார்த்து முதல் ஊசி. அதில் நினைவு பதியாமல் விட்டுப்போன குழந்தைகளுக்காக 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது.