ஓடித் திரிந்த கோழிக்குச் சட்டிதான் சரி

ஏப்ரல் 25ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காட்டு வான்கோழியின் இளவேனில் வேட்டைக்காலம் தொடங்குகிறது. மே 31 வரை நீடிக்கும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கையில் தொடங்கி மாலை ஏழு மணி வரைக்கும்தான் சுடலாம். நெஞ்சில் மயிர்க்கற்றை தொங்குகிற பறவையை மட்டும்தான் சுடலாம். அது பெரும்பாலும் சேவலாகவே இருக்கும். உரிமம் இல்லாமல் துவக்கைத் தொடவே முடியாது. புலம்பெயர்ந்துபோன எங்கள் பிள்ளைகளிலும் சிலர் இப்போது விடியப்புறத்தில் காட்டோரம் போய்க் காத்துக் கிடக்கிறார்கள். பறவை விழுந்த பிறகு, இதை எப்படிச் சமைக்கிறது என்று இங்கே யாழ்ப்பாணத்து அளவெட்டிக்கு அழைப்பு வருகிறது.

அழைப்பு இங்கே வருவதில் நியாயம் இருக்கிறது. அந்த நாட்டில் வான்கோழி என்றால் முழுதாக வைத்து அவணில் வாட்டுவதுதான் வழக்கம். கடையில் விற்கிற வான்கோழிக்கு அது பொருந்தும். நெஞ்சுச் சதைக்காகவே வளர்த்தெடுத்த இனம் அது. பறக்காது, ஓடாது, கொழுப்பும் இருக்கும். காட்டு வான்கோழி நாள் முழுக்க நடந்து மேய்ந்து, ஆபத்து வந்தால் பறந்து, இரவில் மரத்தில் ஏறி உறங்குகிற பறவை. வளர்ந்த சேவல் எட்டு, ஒன்பது கிலோவும் நிற்கும். அதை முழுதாக அவணுக்குள் வைத்தால் கால் வேகுமுன் நெஞ்சு காய்ந்து சக்கையாகிவிடும். ஓடித் திரிந்த கோழியை வசப்படுத்துகிற வித்தை யாழ்ப்பாணத்துக் குசினிகளில் இருக்கிறது. ஊர்ச்சேவல் சமைத்துப் பழகிய கைக்குக் காட்டு வான்கோழி புதிதல்ல.

ஒன்ராறியோவில் இந்தப் பறவை ஒரு காலத்தில் அடியோடு இல்லாமற் போயிருந்தது. காடு வெட்டியதாலும் கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் 1909 அளவில் அது அங்கே அற்றுவிட்டது. 1984 முதல் மிசூரி, மிச்சிகன், நியூயோர்க் போன்ற அமெரிக்க மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். அவை பெருகியதால்தான் இன்று வேட்டைக்கு அனுமதி இருக்கிறது.

அளவெட்டியில் காடு கிடையாது. செம்மண்ணும் கிணறும் புகையிலையும் வெங்காயமுமாக இருக்கிற தோட்டக்காணி இது. வேட்டை இறைச்சி எங்கள் பக்கத்துக்கு வன்னியிலிருந்துதான் வந்தது. இடியன் துவக்கோடு காட்டுக்குப் போனவர்கள் மானையும் பன்றியையும் காட்டுக்கோழியையும் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. மான்வத்தல் பொதியில் வந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது, முடியத்தான் வேண்டும். இலங்கைக் காட்டுக்கோழி உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை, இந்த நாட்டின் தேசியப் பறவை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. அதைச் சுட்டுச் சமைத்தேன் என்று பெருமை பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். கொழுப்பில்லாத, நாரோடிய இறைச்சியைக் கையாளுகிற அறிவு மட்டும் ஊர்ச்சேவல் கறியில் மிஞ்சியிருக்கிறது. அது போதும்.

வீட்டுக் கோழியை அறுத்த கையோடு உரித்துவிடுகிறோம். வேட்டைப் பறவை காட்டில் மணிக்கணக்காகக் கிடக்கக்கூடும். வயிற்றுச் சூடுதான் இறைச்சியைக் கெடுக்கிறது. ஆகவே விழுந்த இடத்திலேயே கையுறை போட்டு, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உள்ளே காற்றுப்பட விட வேண்டும். கழுத்தடியில் தீனிப்பை இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். இளவேனிற்காலச் சேவலுக்கு அதையொட்டி நெஞ்சின் மேற்பக்கத்தில் கடற்பஞ்சு மாதிரி ஒரு கொழுப்புத் திரள் இருக்கும். இணைசேரும் நாட்களில் சரியாக மேயாத சேவல் அந்தக் கொழுப்பில்தான் உயிர் வாழ்கிறது. அதை எடுக்காமல் விட்டுவிட்டால் கறி முழுக்க ஊத்தை மணம் வரும்.

அடுத்தது சன்னம். துளை இருக்கிற இடத்தை விரலால் தடவினால், சில இடங்களில் சின்ன இறகு ஒன்று சதைக்குள் செருகிக் கிடக்கும். சன்னம் போகும்போது இழுத்துக்கொண்டு போனது அது. இறகைப் பிடித்துக்கொண்டு போனால் சன்னம் அகப்படும். ஈயச் சன்னமாக இருந்தால் சுற்றியுள்ள கறுத்த சதையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

இறகு பிடுங்கக் கொதிநீர் வேண்டாம். கை பொறுக்காத சூடு, அதாவது 60 முதல் 65 பாகை, ஒரு நிமிடம் போதும். கொதிநீரில் போட்டால் தோல் வெந்து கிழியும். பிடுங்கிய பிறகு எங்கள் ஊரில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி வாட்டுவார்கள். ஆனால் கறிதான் வைக்கப்போகிறீர்கள் என்றால் பிடுங்குகிற வேலையே வேண்டாம். இறகைத் தோலோடு சேர்த்தே உரித்துவிடுங்கள்.

வெட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியம்மா ஒருமுறை வீடியோ அழைப்பில் இப்படிச் சொன்னார்:

“தம்பி, உந்தக் காலை முழுசாப் போடாதை. மூட்டோடை வெட்டு. நெஞ்சை எடுத்து வேறையா வை.”

“ஏன் பெரியம்மா, எல்லாம் ஒரே சட்டிதானே?”

“சட்டி ஒண்டுதான். ஆனா கால் முதல்லை போகோணும். நெஞ்சு கடைசியாப் போகோணும்.”

வான்கோழிக் காலின் கீழ்த்துண்டில் தசைநார்கள் எலும்பாகவே இறுகிப்போயிருக்கும், குச்சிகுச்சியாக. அவை எத்தனை மணி நேரம் அவித்தாலும் இளகாது. வெந்த பிறகு சதையைக் கையால் உருவிக் குச்சிகளை எறிந்துவிடலாம். மற்ற இணைப்புத் திசுவெல்லாம் நேரம் கொடுத்தால் கரைந்து குழம்புக்குக் கனம் தரும்.

துண்டுகளில் உப்பும் மஞ்சளும் பிரட்டி ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை, கறுவா வதக்கி, கால்துண்டுகளைப் போட்டு, வறுத்திடித்த மிளகாய்த்தூளைச் சேர்த்துப் பிரட்ட வேண்டும். பிறகு தேங்காயின் கப்பிப்பால் விட்டு மூடி, சிறுதீயில் இரண்டரை, மூன்று மணி நேரம். கால் சதை எலும்பை விட்டுக் கழன்ற பிறகே நெஞ்சுத் துண்டுகள் போக வேண்டும். அவற்றுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். உள்ளே 74 பாகை வந்தால் வெந்தது என்று கொள்ளலாம். முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதித்துத் திரைய விடாமல், பெருஞ்சீரகம், ஏலம், கராம்பு சேர்த்த இறைச்சிச் சரக்கைத் தூவி இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து எடுத்த பிறகுதான். ஈரலும் இதயமும் மிளகு போட்டுத் தனியே பிரட்டலாம். கழுத்து, முதுகெலும்பு எல்லாம் இரசத்துக்கு. இந்தக் குழம்புக்குச் சோற்றைவிட ஒடியற்புட்டுத்தான் பொருத்தம் என்பேன்.

வான்கோழியை முதலில் வீட்டுப் பறவையாக்கியவர்கள் மெக்சிக்கோப் பக்கத்து மக்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1612இல் அரசவை அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் கொடுக்க, அரசவை ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மூர் வளவுகளில் மேய்கிற வான்கோழிகளும் அந்த மெக்சிக்கோ வழி வந்தவைதான்.

வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு: சட்டத்துக்குள் நின்று சுடுங்கள், சுட்டதில் நெஞ்சை மட்டும் அறுத்தெடுத்து மிச்சத்தைக் காட்டில் போட்டுவிட்டு வராதீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு: காட்டுக்கோழியை அதன் பாட்டில் விடுங்கள். இந்தக் கறி வேண்டுமென்றால் வளவில் நாலு வான்கோழி வளருங்கள். வெட்டும் முறையும் சரக்கும் இதேதான். இளம் சேவலின் காலுக்கு மூன்று மணி நேரம் தேவையில்லை, ஒன்றரை மணி நேரம் போதும்.