உருக்கின் உள்ளே: கலவைக்குள் ஒரு சேர்வை

மாணவர்களே, "உருக்கு ஒரு கலவையா, சேர்வையா?" என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலானோர் "கலவை" என்று சரியாகவே விடை கூறுவர். "ஏன்?" என்று அடுத்துக் கேட்கும்போதுதான் பலர் தடுமாறிப் புள்ளிகளை இழக்கின்றனர். உருக்கு ஒரு கலவையே. ஆயினும் அதனுள்ளே ஒரு சேர்வையும் உண்டு. இதை விளங்கிக்கொண்டால் கத்தி ஏன் வெட்டுகிறது, கட்டுக்கம்பி ஏன் வளைகிறது என்பதும் விளங்கும்.

1. அச்சேர்வை எது?

உருக்கில் இரும்புடன் 2% இற்கும் குறைவான காபன் உண்டு. அறை வெப்பநிலையில் இரும்பின் பளிங்குச் சாலகத்தில் காபன் மிகமிகச் சிறிதளவே கரையும். எஞ்சிய காபன், மூன்று இரும்பு அணுக்களுக்கு ஒரு காபன் அணு என்ற மாறா விகிதத்தில் சேர்ந்து இரும்புக் காபைட்டு ஆகிறது. இதனைச் சீமெந்தைற்று என்பர்.

கணித்துப் பாருங்கள். சாரணுத்திணிவு: இரும்பு 56, காபன் 12.
(3 × 56) + 12 = 180
காபனின் திணிவுச் சதவீதம் = (12 ÷ 180) × 100 = 6.67%

உருக்கில் காபனின் அளவை நாம் விரும்பியபடி கூட்டலாம், குறைக்கலாம். எனவே அது கலவை. சீமெந்தைற்றில் இந்த 6.67% மாறாது, எனவே அது சேர்வை. "ஏன்?" என்பதற்கான விடை இதுவே.

2. பௌதிக இயல்புகள்

வன்மை: தூய இரும்பு மென்மையானது. சீமெந்தைற்று அதனைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வன்மையானது. ஆனால் நொருங்கும் தன்மையுடையது. இரும்பின் அணுப்படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால் இரும்பு வளையும். சீமெந்தைற்றில் அவ்வாறு எளிதில் வழுக்க முடியாது. அதனால் அது உடையும்.

அடர்த்தி: இரும்பு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.87 கிராம், சீமெந்தைற்று ஏறத்தாழ 7.7 கிராம்.

காந்த இயல்பு: இரும்பு 770 பாகை செல்சியசிலும், சீமெந்தைற்று ஏறத்தாழ 210 பாகை செல்சியசிலும் தமது வலிய காந்த இயல்பை இழக்கின்றன.

3. பயன்பாடு

காபன் குறைந்த கட்டுக்கம்பியில் சீமெந்தைற்றும் குறைவு; ஆதலால் கையாலேயே முறுக்கலாம். ஏறத்தாழ 0.8% காபனுள்ள உருக்கை மெதுவாகக் குளிரவிட்டால் இரும்பும் சீமெந்தைற்றும் மெல்லிய தட்டுகளாக மாறிமாறி அடுக்கப்படும். மென்மையான தட்டு உடையாமல் காக்கும். வன்மையான தட்டு தேயாமல் காக்கும். காபன் மேலும் கூடினால் நொருங்கும் தன்மையும் கூடும்.

கொல்லர் கத்தியைச் செஞ்சூடாக்கும்போது சீமெந்தைற்றிலுள்ள காபன் இரும்பினுள் கரைகிறது. உடனே நீரில் தோய்த்தால் அது மீண்டும் பிரிய நேரமின்றிச் சாலகத்தில் சிக்கிவிடும். இதனால் வன்மை மிகும்; நொருங்கும் தன்மையும் மிகும். பின்னர் அளவாகச் சூடாக்கி நொருங்கும் தன்மையைக் குறைப்பர்.

4. நம் நாட்டுச் சான்று

பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் ஜிலியன் ஜூலெவ் ஆராய்ந்தார். துருத்தி கொண்டு ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே பயன்படுத்திய உலைகள் அவை. அவற்றைப் போன்ற உலையைக் கட்டி இயக்கியபோது காபன் மிகுந்த உருக்குக் கிடைத்தது. இம்முடிவுகள் 1996 இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தன. 9 ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள் உருக்குகளுள் 'சரந்தீப்' எனப்பட்ட இலங்கை உருக்கையும் குறிப்பிட்டுள்ளார். அக்காலத்துக் கொல்லர் சீமெந்தைற்று என்ற பெயரை அறியார். ஆனால் அதன் வன்மையைக் கையால் அறிந்திருந்தனர்.

5. மேலதிக அறிவுக்கு

காபன் ஓர் அல்லுலோகம். உலோகங்களும் தமக்குள் நிலையான விகிதத்தில் சேரலாம். இவை உலோகிடைச் சேர்வைகள் எனப்படும். கறையில் உருக்கை ஏறத்தாழ 600 முதல் 900 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் நெடுநேரம் வைத்தால் இரும்பும் குரோமியமும் சேர்ந்த வன்மையான, நொருங்கும் பகுதி உருவாகி உருக்கைப் பலவீனமாக்கலாம்.

நினைவிற் கொள்க: கலவையில் விகிதம் மாறலாம், சேர்வையில் மாறாது.

பயிற்சி: 0.4% காபனுள்ள 100 கிராம் உருக்கில் காபன் முழுவதும் சீமெந்தைற்றாக இருப்பின் அதன் திணிவு யாது?
(விடை: 0.4 × 180 ÷ 12 = 6 கிராம்)