உங்களுக்குத் தெரியுமா? பியானோ முதல் ஆர்மோனியப் பெட்டி வரை

● 1970 நவம்பர் 17. நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம், எதிரே சின்னக் கூட்டம். 23 வயது எல்டன் ஜான் பியானோ வாசித்தபடி பாட, எப்.எம். வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. பேஸ் கிதார் டீ மர்ரே, டிரம்ஸ் நைஜல் ஆல்சன். லீட் கிதார் கிடையாது! ராக் இசையில் அது மாப்பிள்ளை இல்லாத கல்யாணம். ஆனாலும் அன்று அடித்த அடியில் எல்டனின் கை கிழிந்து, பியானோக் கட்டைகளில் ரத்தமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார் அந்த நிகழ்ச்சியை நடத்திய வானொலிக்காரர்.

● ஒலிபரப்பை யாரோ பதிவு செய்து திருட்டு இசைத்தட்டாக விற்க, வேறு வழியில்லாமல் எல்டனின் இசைத்தட்டுக் கம்பெனியே அதை 1971இல் வெளியிட்டது. பெயர் வெறும் தேதிதான். இங்கிலாந்தில் ‘17-11-70’, அமெரிக்காவில் ‘11-17-70’. தான் மேடையில் வாசித்ததில் சிறந்தது இதுவே என்பது எல்டனின் கட்சி.

● அதே 1970இல் நம் பாளையங்கோட்டைப் பாடகர் ஒருவர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி வானொலி நிலையத்துக்குப் போயிருந்தால், பெட்டியை வாசலிலேயே வைக்கச் சொல்லியிருப்பார்கள். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. கட்டையை அழுத்தினால் ஒரே சுரம்தான், கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. ஆர்மோனியத்தை எதிர்த்து எழுதியவர்களில் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் உண்டு. தாகூருக்கும் ஆர்மோனியம் ஆகாது. தடை தளர்ந்தது 1971இல், அதாவது எல்டனின் தட்டு வந்த அதே வருடம். அப்போதும் பக்கவாத்தியமாகத்தான் அனுமதி. கமகம் வராதது உண்மைதான். அதற்காக 31 வருடத் தண்டனை ரொம்ப அதிகம்.

● இத்தனைக்கும் நம் நாடக மேடை வளர்ந்ததே பெட்டியை நம்பித்தான். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) உச்சஸ்தாயியில் எகிறும்போது ஆர்மோனியத்தில் கூடவே ஓடியவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். கொட்டகையில் ‘ஒன்ஸ் மோர்’ கேட்கக் கேட்க ஒரே பாட்டு நீண்டுகொண்டே போகும். இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். ஆலாபனை சூடு பிடிப்பதற்குள் ஊசி தட்டின் நடுவுக்கு வந்துவிடும். எல்டனின் தட்டில் கடைசிப் பாட்டு மட்டுமே 18 நிமிடம். கிட்டப்பாவுக்கு அப்படி ஒரு தட்டு வாய்க்கவில்லை. 27 வயதில் போய்விட்டார்.

● கிட்டப்பாவும் அவருடன் நடித்த கே.பி. சுந்தராம்பாளும் கொடிகட்டிப் பறந்த 1929இல்தான் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் மலையை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் அதில் அடக்கம். தடைக் காலத்தில் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் லயத்து வீட்டு ரேடியோவை எவ்வளவு திருகினாலும் திருநெல்வேலி நிலையக் கச்சேரியில் ஆர்மோனியம் கேட்டிருக்காது. கீழே அம்பாசமுத்திரம் பக்கம் கோயில் கொடைகளிலோ எந்த உத்தரவும் செல்லுபடியாகவில்லை. வில்லு, குடம், உடுக்கையோடு பெட்டியும் வில்லுப்பாட்டு மேடையேறிவிட்டது.

● பாடகர் ‘அஞ்சு கட்டை’ சுருதி கேட்டால், பெட்டிக்காரர் விரல் போவது ஐந்தாவது வெள்ளைக் கட்டைக்கு. எல்டனின் பியானோவில் அதற்குப் பெயர் ‘ஜி’.