புளியங்கொட்டை வைத்துத் துணிச்சல் பழகலாம்!

ஏற்காட்டுக்குக் குடும்பமாகப் போகிறவர்களின் பையைத் திறந்து பாருங்கள். ஸ்வெட்டர், மங்கி குல்லா, முறுக்கு டப்பா... அடியில் ஒரு சீட்டுக்கட்டு! சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறி, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் சுற்றி முடித்துவிட்டால், இருட்டிய பிறகு குளிரில் வெளியே போக மனம் வராது. அப்புறம் சீட்டுக்கட்டுதான் துணை.

ரம்மி அலுத்துவிட்டதா? போக்கர் ஆடிப் பாருங்கள். காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும். வீட்டிலேயே ரொம்ப பயந்த சுபாவம் யாருக்கோ, அவரை முதலில் உட்கார வையுங்கள். இந்த ஆட்டம் அவருக்குத்தான் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

ஆட்டம் இதுதான்

ஆளுக்கு 100 கொட்டை. ஒவ்வொரு ஆட்டத்திலும் முறை வைத்து ஒருவர் 1, அடுத்தவர் 2 கொட்டையைச் சீட்டைப் பார்க்காமலே நடுவில் வைக்க வேண்டும். இதற்கு ‘பிளைண்ட்’ என்று பெயர். எல்லோருக்கும் இரண்டு சீட்டு, மூடியபடி. பிறகு நடுவில் பொதுவாக மூன்று சீட்டு திறக்கப்படும். அடுத்து ஒன்று, கடைசியாக இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயித்தார்.

சீட்டு திறப்பதற்கு முன்னும் பின்னுமாக நான்கு சுற்றுப் பந்தயம். முன்னால் இருப்பவர் வைத்ததை நீங்களும் வைத்தால் ‘கால்’. ஏற்றினால் ‘ரெய்ஸ்’. கீழே போட்டால் ‘ஃபோல்ட்’. எல்லோரும் போட்டுவிட்டால், மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே நடுவில் இருப்பதை அள்ளலாம்.

பயந்தவர் தோற்பது எங்கே என்றால் ‘கால்’ என்ற இடத்தில்தான். ‘போடவும் மனசில்லை, ஏற்றவும் தைரியமில்லை’ என்று இரண்டு இரண்டாகக் கட்டிக்கொண்டே வருவார். யாராவது பெரிதாக ஏற்றியதும், ‘எனக்கெதுக்கு வம்பு’ என்று போட்டுவிடுவார். ஒரே ஆட்டத்தில் மொத்தமும் போகாது. பானையில் ஓட்டை விழுந்த மாதிரி சொட்டுச் சொட்டாகக் காலியாகும்.

அமெரிக்க எழுத்தாளர் மரியா கொன்னிகோவாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். போக்கரில் அரிச்சுவடிகூடத் தெரியாமல், எரிக் சீடெல் என்ற அனுபவசாலியிடம் பாடம் கேட்கப் போனார். 2018-ல் பஹாமாஸில் நடந்த ஒரு போட்டியில் முதலிடம் பிடித்து 84,600 டாலர் பரிசு வாங்கினார். அதற்கு முன் அவர் தாண்ட வேண்டியிருந்த தடைகளில் ஒன்று, எதிரே இருப்பவர் அழுத்தினால் விட்டுக்கொடுத்துவிடும் பழக்கம். நம் வீட்டு மருமகள்கள் பலருக்கு இது புதிதல்ல. ‘மாமனாரைப் போய் ரெய்ஸ் பண்றதா?’ என்று கை நடுங்கும்!

நான்கு பாடங்கள்

முதல் பாடம், குறைவாக ஆடுங்கள். எச்சரிக்கை உள்ளவருக்கு இது இயல்பாகவே வரும். கையில் ஜோடி வருவது சராசரியாக 17 ஆட்டத்துக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடி 221-க்கு ஒரு தடவை. ஆகவே பெரும்பாலான சீட்டுகளைத் தயங்காமல் கீழே போடலாம். அது கோழைத்தனம் இல்லை.

இரண்டாவது, ஆடுவதென்று முடிவெடுத்தால் ஏற்றி ஆடுங்கள். ஏஸ் ஜோடியோடு ஒருவரை எதிர்த்தால் 100-க்கு 85 தடவை நீங்கள் ஜெயிப்பீர்கள். நான்கு பேர் எதிரே இருந்தால் அது 56 ஆகக் குறையும். எட்டுப் பேர் என்றால் 35-தான்! நல்ல சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டையோடு பதுங்கினால், ஊரே மலிவாக உள்ளே வந்துவிடும். ஆறு, ஏழு என்று ஏற்றினால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

மூன்றாவது, கடைசியில் பேசுங்கள். வள்ளுவர் காலமறிதலுக்கு அடுத்தே இடனறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். போக்கரிலும் இடம் முக்கியம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவருக்குத் தகவல் அதிகம். துணிச்சலை அந்த இடத்தில் கூட்டுங்கள். முதலில் பேச வேண்டிய இடத்தில் குறையுங்கள்.

நான்காவது, எதிராளிக்கும் பயம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஜோடி இல்லாத கையோடு வந்தவருக்கு, திறக்கும் முதல் மூன்று சீட்டில் ஒரு ஜோடியாவது சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். மற்ற நேரங்களில் அவரும் வெறுங்கை. நடுவில் 20 கொட்டை கிடக்கிறது, எதிரே ஒரே ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 வைக்கிறீர்கள். இப்படி மூன்று தடவை செய்து, இரண்டு தடவை மாட்டிக்கொண்டால் நஷ்டம் 20. ஒரு தடவை அவர் போட்டுவிட்டால் வரவு 20. கணக்கு நேர். அதைவிட அதிகம் அவர் விலகினால் உங்களுக்கு லாபம். துணிச்சல் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு குதிப்பதல்ல, இப்படி ஒரு கணக்குதான்.

இந்தக் கணக்கு விடாக்கண்டர்களிடம் பலிக்காது. எதற்கும் சீட்டைப் போடாத சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரிடம் வெறுங்கையோடு மிரட்டாதீர்கள். நல்ல சீட்டு வரும்போது மட்டும் ஏற்றுங்கள், அவரே கட்டிவிடுவார். அதேபோல, இதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று பெரிதாக ஏற்றினால், மரியாதையாக விலகிவிடுங்கள்.

காசு மட்டும் வேண்டாம்

கோழிக்கோடு ஐ.ஐ.எம்-மில் போக்கரை வைத்து வியாபார உத்தி சொல்லித்தரும் பாடமே நடத்தப்பட்டிருக்கிறது. ஆனால், அதே ஆட்டம் செல்போனுக்குள் காசோடு வந்தபோது நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022-ல் தனிச் சட்டமும் நிறைவேறியது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அதில் பட்டியலிட்டிருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. பிறகு, 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்துவிட்டது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எத்தனை சரியாக ஆடினாலும் ஏஸ் ஜோடி 100-க்கு 15 தடவை தோற்கும். அந்தப் பதினைந்து உங்கள் வீட்டு இ.எம்.ஐ-யாக இருக்கக் கூடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஏற்றுவது துணிச்சல் கணக்கில் சேராது. தருமர் செய்தது அதைத்தான்.

கொட்டைக்கு மதிப்பே இல்லையென்றால் யாரும் பயப்பட மாட்டார்களே என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 100 தீர்ந்தால் மறுபடி கிடையாது. முதலில் காலியானவர் மறுநாள் விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் சேர்வராயன் மலைக் காபி போட வேண்டும். அந்தக் குளிரில் போர்வையை விட்டு எழுவதைவிடப் பெரிய பந்தயம் வேண்டுமா?

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ‘ஜெயித்தேனா’ என்று கேட்காதீர்கள். ‘ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றினேனா, போட வேண்டிய இடத்தில் போட்டேனா’ என்று கேளுங்கள். மலையிலிருந்து இறங்கிய பிறகு சம்பள உயர்வு கேட்கும்போதும், நகைக்கடையில் சேதாரத்தைக் குறைக்கச் சொல்லும்போதும், வீட்டில் ‘எனக்கு இதில் சம்மதமில்லை’ என்று சொல்லும்போதும் இந்தக் கேள்வி கூட வரும். புளியங்கொட்டையைப் பையிலேயே விட்டுவிடலாம்.