மாணவர் கையில் மண்வெட்டி

பட்டம் பெற வந்த மாணவன் விடுமுறை நாளில் மண்வெட்டி ஏந்துவது எதனால்? புண்ணியம் கருதியா, புகழ் கருதியா, அன்றி நாளைய உத்தியோகத்துக்கு உதவும் சான்றிதழ் கருதியா? வன்னி மண்ணில் இவ்வினா வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று.

2009ஆம் ஆண்டு போர் முடிந்த வேளை, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தனர். அன்று தண்ணீருக்கு வரிசையில் நின்ற சிறுவர் பலர், பின்னாளில் பல்கலைக்கழக வாயிலை மிதித்தனர். 2018 டிசம்பரில் பெருமழை பொழிந்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் நிவாரணப் பொருள் திரட்டினர். பிறர் கொடுத்த சோற்றை உண்டு வளர்ந்த கைக்குக் கொடுக்கவும் தெரியும் அன்றோ? வன்னியில் தொண்டின் முதல் வேர் இக்கடனுணர்வே என்பது நம் எண்ணம்.

ஆயினும் வேர் ஒன்று மட்டுமன்று. அமெரிக்க உளவியலாளர் கிளாரி, சினைடர் முதலியோர் 1998இல் தொண்டின் நோக்கங்களை ஆறாக வகுத்தனர். கொள்கைப் பற்று, அறிவு வேட்கை, நண்பர் கூட்டுறவு, தொழில் முன்னேற்றம், மனச்சுமை தணித்தல், தன்மதிப்பு வளர்த்தல் என்பன அவை. எந்நோக்கத்தோடு ஒருவர் வருகிறாரோ, அது நிறைவேறினால் அவர் தொண்டில் மனநிறைவு காண்கிறார் என்பதும் அவர்கள் கண்டது. ஆகவே, சான்றிதழுக்காக வருபவனை இகழ வேண்டியதில்லை. நண்பன் அழைத்தான் என்று வந்தவனும் நாளடைவில் கொள்கைப் பற்றுடையவன் ஆகலாம்.

1958இல் ஆசிரியர் ஆரியரத்தின தம் மாணவரைக் கனத்தொலுவக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதயச் சிரமதான இயக்கம் அங்கேதான் அரும்பிற்று. உழைப்பைக் கொடுக்கச் சென்ற மாணவர்க்குக் கிராமமே பாடசாலையாயிற்று.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அப்பண்புக்குச் சோதனை, வந்த நோக்கத்தில் இல்லை. தொடர்ந்து வருவதில் இருக்கிறது. ஞாயிறு தோறும் கணக்குச் சொல்லித் தருவதாக வாக்களித்த அண்ணன், சான்றிதழ் கிடைத்ததும் வராது போனால், கொப்பியோடு வாசலில் காத்திருக்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? இழப்பையே கண்டு வளர்ந்த ஊரில் அது இன்னோர் இழப்பு.

பெற்றோரே, படிப்புக் கெடும் என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். மாணவர்களே, எந்நோக்கத்தோடும் வாருங்கள். சொன்ன நாளில் தவறாது வாருங்கள்.